பத்தாய அறையின் சேற்றுக் கைகள்

வெள்ளம் புகுந்த வீட்டைக் கழுவி, பூசி, மறுபடி ஆள் குடியேறும்படி ஆக்கிக் கொடுப்பது என் தொழிலாக இருந்தது. ஆறு உடைத்துக்கொண்டால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும் என்பதால் என்னை நல்ல முகத்தோடு வரவேற்றவர்கள் குறைவு. "வந்துட்டாருய்யா, மழைக்குப் பொறந்தவரு" என்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

உழுகிறவன் பெயரைக் குத்தகைக்காரன் என்று பதிவதற்காக ஊருக்கு ஊர் பண்ணையாரும் குத்தகைக்காரரும் முட்டிக்கொண்டிருந்த காலம். கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு பண்ணையார் வீட்டில் வேலை. சேறு அள்ள வந்த பெண்களில் ஒருத்தி யாரோடும் பேசவில்லை. அவள் புருஷன் அந்தப் பண்ணையில் குத்தகைக்குச் சாகுபடி செய்தவன். கோடையில் ஓடு மாற்றும் வேலைக்கும் போவான். ஆறு உடைத்த அன்று பண்ணை வீட்டுக்குப் போனவன் திரும்பவில்லை. வெள்ளத்தோடு போய்விட்டான் என்று பண்ணையார் சொல்லிவிட, நாங்கள் வேலை செய்த நாளுக்கு மறுநாள் கருமாதி வைத்திருந்தார்கள். அன்று அவள் தாலியைக் கழற்ற வேண்டும். அந்தக் கழுத்தை நிமிர்ந்து பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

பின்கட்டில் நெல் பத்தாயம் இருந்த அறை. "வருஷக்கணக்கா பூட்டியே கெடக்கு" என்று பண்ணையாரே பூட்டைத் திறந்துவிட்டுப் போனார். உள்ளே நெஞ்சளவுக்குச் சேற்றுத்தடம். சுவரைக் கீழிருந்து மேலாகக் கழுவுவதுதான் என் வழக்கம். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்கு வழிந்து கோடு விழும். தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தபோது என் கை நின்றது. தண்ணீர் எட்டாத உயரத்தில், பத்தாயத்துக்கு மேலே, சேற்றுக் கைகள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறி உத்திரத்தில் போய் முடிந்தன. கூரையில் ஒரு ஓடுகூட விலகவில்லை. கதவோ வெளியே பூட்டியிருந்தது. ஏறியவன் எங்கே போனான்? ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார்கள்.

அவள் ஓடவில்லை. வலக்கைத் தடத்தில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

"அவருக்குக் கதிரருவா பட்ட வெரலு" என்றாள். "குத்தகை நெலம் வேணாம்னு கைநாட்டு வாங்குறதுக்கு இங்க அடைச்சு வச்சிருக்காங்க. தண்ணி வந்ததும் அப்படியே விட்டுட்டு ஓடியிருக்காங்க."

கூரையை நெடுநேரம் பார்த்தாள். "அண்ணே, உத்திரத்துக்கு மேல இருக்கே, அந்த ஓட்டக் கழட்டிப் பாருங்க."

ஏணி வைத்து ஏறி எடுத்தேன். அடுத்த ஓடு மூடியிருந்த, மழை படாத பாகத்தில் காய்ந்த சேறு. அதே அரை விரல். கூரை வழியாக வெளியேறியவன், உயிருக்குப் பயந்து ஓடுகிற நேரத்திலும் ஓட்டைத் திரும்ப அடுக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

"எந்தக் கூரையையும் தொறந்து போட்டுட்டு எறங்க மாட்டாரு. யாரு வீடுன்னு பாக்கத் தெரியாத மனுசன்" என்றாள். அப்போதுதான் அழுதாள், சிரித்துக்கொண்டே.

சேற்றுச் சட்டியை அங்கேயே போட்டாள். தாலியை எடுத்து ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டாள். "பேராவூரணியில எங்க அண்ணன் இருக்காரு. இவரு அங்கதான் போயிருப்பாரு. நான் பஸ் ஏறுறேன்."

வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, அந்த ஓட்ட வச்சிருங்க. ஒழுகும்."