விரத வீட்டில் மீன் குழம்பு

களக்காடு வாழைத்தார் மண்டியில் சுமை தூக்குகிற கொம்பையா வேலைக்கும் புலி, சோற்றுக்கும் புலி. பசி வந்தால் அவனுக்குக் கண்மண் தெரியாது. சிவராத்திரிக்குக்கூட ஒரு வேளை பட்டினி கிடந்தவன் இல்லை.

அவன் மனைவி கோமுவுக்குக் காசநோய். மாத்திரையைத் தவறாமல் போட்டும் அன்று ஆஸ்பத்திரியில் எடை குறைந்திருந்தது. டாக்டரம்மா கொம்பையாவைத்தான் பிடித்து உலுக்கினார்.

"மாத்திரை கிருமியைக் கொல்லும். கூடச் சேந்து சண்டை போட உடம்புல எதிர்ப்புச் சக்தி வேணும்லா? பருப்பு, முட்டை, மீன்னு நல்லாச் சாப்பிட்டாத்தான் அது வரும். இப்படியே இளைச்சுக்கிட்டே போனா ஆளைக் காப்பாத்துறது கஷ்டம்."

வீட்டுக்கு வந்ததும் முட்டையை அவித்து நீட்டினான். கோமு தொடவில்லை. முந்தானைக்குள் மறைத்திருந்த கையை மெல்ல வெளியே எடுத்தாள். மணிக்கட்டில் கந்த சஷ்டிக் காப்பு, மஞ்சள் கயிறு.

"சீக்கு தீரணும்னு திருச்செந்தூர் முருகனுக்கு நேந்திருக்கேன். ஆறு நாளும் பாலும் பழமுந்தான்."

"கூறுகெட்டவளே! சீக்கு தீரணும்னா தின்னணும்ட்டி!"

"பாதியில விட்டா சாமி குத்தம். நம்ம பிள்ளைக்கு ஒண்ணு ஆயிட்டா?"

சொல்லிக்கொண்டே எழுந்தவள் சுவரைப் பிடித்தபடி சரிந்தாள். கொம்பையா பாய்ந்து தூக்கினான். தார் சுமந்த தோளுக்கு அவள் கனமே தெரியவில்லை.

அவளைப் படுக்கவைத்துவிட்டு வாய்க்காலில் முங்கி எழுந்து வந்தான். ஈர வேட்டியோடு முருகன் படத்தின் முன் நின்று தன் கையிலும் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டான்.

"முருகா, இவ நேந்ததை நான் முடிக்கேன். கோவம்னா எம்மேல காட்டு. இவளையும் பிள்ளையையும் விட்டுரு."

"உங்களால ஒருநேரம் பசி தாங்க முடியாதே!" என்றாள் கோமு.

"அது எனக்கும் முருகனுக்கும் உள்ள பாடு."

மறுநாள் வெறும் பாலும் பழமுமாகவே தார் தூக்கினான். வரும் வழியில் அவளுக்கு மீன் வாங்கினான். விரத வீட்டில் மீனா என்று தெருவே முணுமுணுத்தது. போங்கடா என்று அடுப்பைப் பற்றவைத்தான். குழம்பு கொதிக்க, வயிறு கூப்பாடு போட்டது. நாக்கில் வைத்து உப்புப் பார்க்க முடியாது. குத்துமதிப்பாகப் போட்டு இறக்கினான்.

கோமு தட்டின் முன் உட்கார்ந்து காப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு வாய் எடுத்தாள். இன்னொரு வாய்.

"உப்பு கூடிப்போச்சு," என்றாள். "இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்க."

அவள் சோறு கேட்டு எத்தனையோ மாதமாயிற்று. கொம்பையா பானையை அப்படியே அவள் பக்கம் தள்ளிவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதான்.