பேட்டரி மேல் பழி போட்டேன்

அன்று வலங்கைமான் ரோட்டில், நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் இருந்தவர்கள்: லாரிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கிற நான், லாரி ஓனரும் டிரைவருமான அந்தோணி, அவர் மனைவி லூர்து. நாலாவதாக, எட்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகு இவர்கள் கைக்கு வந்த லாரி. முழு லோடு நெல்லோடு ஸ்டார்ட் ஆகாமல் நின்றது.

ஒரு வாரத்துக்கு முன் இதே கோளாறுக்கு, "பேட்டரி ரெண்டும் போச்சு, மாத்திடுங்க" என்று சொன்னவன் நான்தான். வோல்ட் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. பழைய வண்டி, வேறென்ன இருக்கும் என்று நினைத்துவிட்டேன். கடன் வாங்கி மாற்றினார்கள். புது பேட்டரியின் வேகத்தில் வண்டி ஒரு வாரம் ஓடியது. மறுபடியும் அதே கோளாறு என்று போன் வந்ததும் மீட்டரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். எட்டாவதோடு நின்றவன் நான். தப்பு நடந்தால் என்ன சொல்லிச் சமாளிப்பேன் என்கிற பயம் எப்போதும் உண்டு.

"பதினோரு மணிக்குள்ள கிளம்பலன்னா கான்ட்ராக்டர் வேற வண்டி வச்சுக்குறாராம்ணே. இந்த சீசனே போச்சு" என்றார் அந்தோணி.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரியில் இருபத்தைந்து வோல்ட் நன்றாகவே இருந்தது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பாடியிலும் வைத்து, "இப்ப ஸ்டார்ட் அடிங்க" என்றேன். ஆறு வோல்ட் காட்டியது. அரை வோல்ட்கூட வரக்கூடாத இடம்.

பேட்டரி நெகட்டிவிலிருந்து வரும் எர்த் கேபிளை, வண்டியின் இரும்புச் சட்டமான சேசிஸில் மாட்டியிருந்த போல்ட்டைக் கழற்றினேன். அடியில் பளபளவென்று சிவப்புப் பெயிண்ட்.

"எஃப்சி டெஸ்டுக்குக் காட்டறப்ப யாரு பெயிண்ட் அடிச்சா?"

லூர்துவின் முகம் சுருங்கியது. "நான்தாண்ணே. பெயிண்டர் கூலி மிச்சமாகுமேன்னு... கேபிளைக்கூடக் கழட்டிட்டு, ஒரு பொட்டு துரு விடாம அடிச்சேன். நானே கெடுத்துட்டேனா?"

"வீட்டுச் சுவத்துக்கு ஒருநாள் இப்படி அடிச்சிருப்பியா நீ?" என்றார் அந்தோணி. லூர்து சிரிக்கப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"இல்ல தங்கச்சி. வண்டி இரும்பு வழியாத்தான் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பணும். பெயிண்ட் அதை மறிச்சிடுச்சு. உங்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். அன்னிக்கே பாத்திருக்கணும். தப்பு என்னோடது."

சொல்லிவிட்டு, பெயிண்ட்டைத் தேய்க்க உப்புத்தாளை எடுத்தேன். லூர்து என் கையிலிருந்த உப்புத்தாளை வாங்கிக்கொண்டார். "குடுங்கண்ணே. அடிச்சவளே சொரண்டுறேன்."

இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தார். போல்ட்டை முறுக்கினேன். ஒரே அடியில் வண்டி எழுந்தது. மணி பத்தே முக்கால்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: மீட்டர் வைக்காமல் எந்தப் பொருளையும் மாற்றச் சொல்லாதீர்கள்.

பேட்டரி விலையில் பாதியைத் தருகிறேன் என்றேன். இருவரும் வாங்கவில்லை. அதனால் அந்த வண்டிக்கு வேலை செய்யும்போதெல்லாம் கூலி வாங்காமல், அதை அந்தப் பாதி விலையில் கழித்துக்கொண்டு வருகிறேன். அதற்கும் லூர்து சண்டை போடுகிறார். இன்னும் நாலாயிரத்து இருநூறு ரூபாய் நான் தரவேண்டும்.