சகதி நிற ரோசா

அந்த ரோசாப்பூவை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. எழுபதுகளில் தூத்துக்குடியில், வீட்டிலேயே துணிகளில் பூவேலை தைத்துக் கொடுத்துவந்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவரின் மனைவி ஒருநாள் தலையணை உறையில் ரோசாப்பூ போடச் சொல்லி வந்தாள். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னிய சடை.

நூல்பெட்டியைத் திறந்து வைத்தேன். ஒவ்வொரு நூல்கண்டையும் கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். அழகாக இருந்தால் பெருமூச்சு விட்டுக் கீழே வைத்துவிடுவாள். இப்படியே சிவப்பு, ரோஸ், மஞ்சள் எல்லாம் ஒதுங்கின. கடைசியில் உப்பளத்துச் சகதி நிறத்தில் ஒன்றை எடுத்தாள். இதழ்களை நிரப்பித் தைக்கவும் வேண்டாமாம், வெறும் சங்கிலித் தையல் போதுமாம்.

“ஏளா, ரோசாப்பூவ யாராவது சகதி நிறத்துல போடுவாவளா?” என்றேன்.

“ஆழ்வார்திருநகரிலேருந்து என் நாத்தனா வாரா அக்கா. நல்லா இருந்தா கேட்டு எடுத்துட்டுப் போயிருவா. ஒண்ணாவது எங்கிட்ட நிக்கணும்லா.”

பல்லைக் கடித்துக்கொண்டு தைத்துக் கொடுத்தேன். அடுத்த மாதமே திரும்பி வந்தாள்.

“அதையும் எடுத்துட்டுப் போயிட்டா அக்கா. இப்படி ஒரு நிறத்த அவ எங்கயும் பாத்ததில்லையாம். இன்னொண்ணு போடணும்.”

“இந்தத் தடவையாவது உனக்குப் பிடிச்சத எடு” என்று பெட்டியை அவள் முன்னால் தள்ளினேன்.

சிவப்புக் கண்டை எடுத்துக் கையை நீட்டினாள். வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று ஒரு கண்ணை மூடாமல் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். பிறகு கீழே வைத்துவிட்டாள்.