வாக்கியம் பார்க்கும் வேலை

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட பிறகு நான் எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் இரண்டு வருடம் இருந்ததில்லை. லாரியில் கிளீனர், ஓட்டலில் சப்ளையர், பிறகு பெயிண்டர். இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலத்தில் பெங்களூரில் இறங்கி, அல்சூரில் ஓர் அறையில் பாதியைப் பிடித்தேன். மறுபாதியில் இருந்தவன் அல்சூரிலேயே பிறந்த தமிழன், என் வயதுக்காரன், வைட்ஃபீல்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. அந்த வளாகத்தில் எனக்குப் பெயிண்ட் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான்.

அவன் தபால் வழியில் பி.ஏ. முடித்திருந்தான். பட்டம் இருந்தால் கேட்டில் நிற்பவர்களும் கேன்டீன்காரர்களும் பரீட்சை எழுதி உள்ளே மேஜை வேலைக்குப் போகலாம் என்று அந்தக் கம்பெனியில் ஒரு விதி. இரண்டு தடவைதான் எழுதலாம். ஒரு தடவை எழுதித் தோற்றிருந்தான். இனி ஒன்றுதான் பாக்கி.

அவனைக் கவிழ்த்தது கணக்கு இல்லை. நாலைந்து வாக்கியத்தில் ஒரு வாதம் கொடுத்து, அதில் ஒன்றின் கீழே கோடு போட்டு, 'இந்த வாக்கியம் இங்கே என்ன பங்கு வகிக்கிறது?' என்று கேட்கும் கேள்விகள். முடிவா, முடிவுக்கான காரணமா, ஆசிரியர் மறுக்கிற கருத்தா என்று சொல்ல வேண்டும். காலையில் டீக்கடையில் எனக்கு அதைத் தமிழில் சொல்லிக்காட்டுவான். ஒன்று இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. நகரப் பேருந்துகள் நண்பகலில் காலியாக ஓடுகின்றன. எனவே நண்பகல் சேவையைக் குறைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு வேறு வண்டி கிடையாது. ஆகையால் குறைக்கக் கூடாது. கோடு போட்டிருந்தது முதல் வாக்கியத்தின் கீழே.

"மத்தியான பஸ்ஸு எங்க மச்சா காலியா ஓடுது? நேத்து ஃபுட்போர்டுல தொங்கிட்டு வந்தேன்" என்பான்.

"ஓடுதோ இல்லியோ, ஆன்சர் என்ன?"

"பொய். ஆனா அப்படி ஒரு ஆப்ஷனே போடல பாரு."

இதுதான் அவன் வியாதி. ஆறு வருடமாகக் கேட்டில் நின்றவன். யார் எதைச் சொன்னாலும் முதலில் அது நிஜமா என்று பார்ப்பது அவன் பிழைப்பு. கூரியர்காரர் ஒரு பெயர் சொன்னால் ரிஜிஸ்தரைப் புரட்டுவான். கேள்வித்தாளிலும் ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி வைத்து அடையாள அட்டை கேட்டுக்கொண்டிருந்தான். அதற்குள் நேரம் முடிந்துவிடும்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒருநாள் நான் வேலைக்குத் தாமதமாகப் போனேன். கூலி ஆட்கள் எட்டரைக்குள் உள்ளே போய்விட வேண்டும். மணி ஒன்பது. கேட்டில் அவன்.

"மச்சா, மாரத்தஹள்ளியில லாரி ஒண்ணு குறுக்க நின்னுடுச்சு. ரெண்டு பஸ்ஸு நிக்காம போயிடுச்சு. லேட்டா வந்தா விடக்கூடாதுன்னு நீ சொல்லுவ, சரி. ஆனா சுவத்துல பூச கலக்கி வச்ச பட்டி காயறதுக்குள்ள நான் உள்ள இருக்கணும். வுடு."

"எந்த நம்பர் பஸ்ஸு? லாரி எந்தப் பக்கம் நின்னுச்சு?"

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரே அறையில் படுப்பவன். "டேய், லாரி நிஜமோ பொய்யோ வுடுடா. நான் எதுக்கு அதைச் சொல்றேன்னு பாரு!"

 அவன் வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தது. பிறகு விரலை மடக்க ஆரம்பித்தான்.

"லாரியும் பஸ்ஸும் நீ லேட்டானதுக்குச் சாக்கு. விடக்கூடாதுங்கிறது என் பேச்சு, அதை நீயே எடுத்து வச்சு உடைக்கிற. அதை உடைக்கிற சுத்தியல்தான் அந்தப் பட்டி. 'வுடு'ங்கிறதுதான் முடிவு. இதுக்காகத்தான் மத்த எல்லாமே. கரெக்டா?"

"கரெக்ட். வுடு."

"முடிவு புரிஞ்சுது மச்சா. உள்ள விட முடியாது. நாளைக்கு வா."

அன்றைய கூலி போயிற்று, பட்டியும் வீணாயிற்று. மேஸ்திரி திட்டினார். ஆனால் அந்த வாரம் அவன் படித்த விதத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. கேட்டுக்கு வருகிற ஒவ்வொருவர் பேச்சையும் கேட்டு, ரிஜிஸ்தரின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் முடிவு, காரணம், எதிர்ப்பேச்சு, சும்மா பின்னணி என்று பிரித்து எழுதினான். கேப் டிரைவர், தண்ணீர் கேன்காரர், இன்டர்வியூவுக்கு வந்து அழுத பெண், யாரும் தப்பவில்லை. ஒரு வாக்கியத்தின் பங்கு தெரியாவிட்டால் அதைக் கையால் மறைத்துக்கொள்வான். மிச்சம் நிற்கிறதா, சரிகிறதா என்று பார்ப்பான். சுவரில் எந்தக் கல்லை உருவினால் எது விழும் என்று பார்க்கிற கொத்தனார் கண் அது. பள்ளிக்கூடம் எனக்குக் கொடுக்காத ஒன்றை அவன் கேட்டில் நின்றபடி தானே செய்துகொண்டான்.

பரீட்சை முடிந்து வந்தவன் இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டான். மூன்றாம் வாரம் நோட்டீஸ் பலகையில் அவன் எண் இருந்தது.

மேஜை வேலைக்குப் போன முதல் நாள், முழுக்கைச் சட்டையில் கேட்டுக்கு வந்தான். புது அட்டை இன்னும் தயாராகவில்லை. அவன் இடத்தில் நின்றிருந்தது ஒரு புது ஆள், கன்னடக்காரர். "கார்டு இல்வா சார்? ஒளகடெ பிடல்ல" என்று, உள்ளே விட முடியாதென்று கையைக் குறுக்கே நீட்டினார். நான் உள்ளே ஏணிமேல், பிரஷ்ஷோடு, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடம் இதே கேட்டில் நின்றவன் நான் என்று சொல்லுவான், பரீட்சையைச் சொல்லுவான், முதல் நாள் என்பான் என்று காத்திருந்தேன்.

ஒரு காரணமும் சொல்லவில்லை. "சரி குரு. எச்.ஆருக்கு போன் மாடி" என்று போன் செய்யச் சொன்னான். போன் போய், ஆள் வந்து, அழைத்துப்போக அரை மணி ஆயிற்று. அதுவரை வெயிலில், கூரியர்காரர்களோடு வரிசையில் நின்றான்.