மாடியில் எரிந்த சிவப்பு விளக்கு

கணவர் வளைகுடாவில் வேலை பார்த்தார். குழித்துறைக்குப் பக்கத்தில் நாங்கள் புதிதாகக் கட்டிய மாடிவீட்டில் நானும் மாமியாரும்தான் இருந்தோம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஒத்துக்கொண்டிருந்தேன். இன்டர்நெட் மோடம் இருந்த ஹாலில் டிவி சத்தம், வருகிறவர் போகிறவர் பேச்சு. எனக்கு மாடியறை வேண்டும். அங்கே வைஃபை எட்டவில்லை. சுவரைத் துளைத்து வயர் இழுக்கக் கணவர் சம்மதிக்கவில்லை. ஊருக்கு வந்த நண்பரிடம் இரண்டு பவர்லைன் அடாப்டர்களைக் கொடுத்தனுப்பினார்.

ஒன்றை மோடத்தோடு இணைத்து அங்கேயே பிளக்கில் செருக வேண்டும், மற்றதை மாடியில். கரண்டு வயர் வழியாகவே நெட் மேலே போய்விடும் என்றார்கள். போகவில்லை. மாடியில் இருந்த பெட்டியில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

நெட் கம்பெனிக்காரர் வந்து பார்த்தார்.

"வீட்டுல ஆம்பிளைய ஆரும் இல்லியா?"

"எங்கிட்ட சொல்லுங்க."

"ஒங்களுக்குச் சொன்னா மனசிலாவாது. சார் வந்த பிறவு கூப்பிடுங்க."

போனில் கணவரும் அதைத்தான் சொன்னார். "நான் லீவுல வந்து பாக்கியேன். அதுவரைக்கும் ஹால்ல இருந்து கிளாஸ் எடு."

எனக்குக் கொதித்தது. இவர்கள் வரும்வரை நான் காத்திருப்பதாக இல்லை.

முதலில் இரண்டு பெட்டிகளையும் ஹாலில் பக்கத்துப் பக்கத்தில் செருகினேன். உடனே பச்சை. பெட்டிகளில் கோளாறு இல்லை. ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு மற்றதை ஒவ்வொரு பிளக்காகக் கொண்டுபோனேன். சமையலறையில் பச்சை, படுக்கையறையில் பச்சை. மாடிக்கு ஏறியதும் எந்த அறையிலும் சிவப்பு.

பின்னாலேயே வந்துகொண்டிருந்த மாமியார் கேட்டார்: "ஏட்டி, கீழ கரண்டு போனாலும் மேல ஃபேன் ஓடுமில்லியா? மாடிக்கு லைன் வேறயாக்கும்."

அதுதான். எங்கள் வீட்டுக்கு மூன்று ஃபேஸ் கரண்டு. மாடிக்கு ஒன்று, கீழே வேறொன்று. ஒரு ஃபேஸ் வயரில் போகும் நெட் இன்னொன்றுக்குத் தாவவில்லை. ஒரு ஃபேஸில் கரண்டு போனால் இன்னொன்றுக்கு மாற்ற, மீட்டர் பக்கத்தில் திருகு சுவிட்சுகள் உண்டு. மாடிக்குரிய சுவிட்சின் முன்னால் போய் நின்றேன்.

"மாமி, திருக்கட்டா? பிறவு அவிய ஏசுவாவ."

"கரண்டு போற அன்னைக்கெல்லாம் நீதானே திருக்குத? ஏசுனா நான் பேசிக்கிடுதேன். திருக்கு மக்கா."

கீழே ஓடும் ஃபேஸுக்கே மாடியையும் மாற்றிவிட்டு மேலே ஓடினேன். பச்சை விளக்கு எரிந்தது. இருந்த இடத்திலிருந்தே கத்தினேன். கீழிருந்து மாமியாரும் கத்தினார்.

சாயங்காலம் கணவர் கூப்பிட்டார். மாடியில் நெட் வந்துவிட்டது என்றேன். "ஆரு வந்து நேராக்குனது?"

"நானும் ஒங்க அம்மையும்."

"கரண்டு போர்டுல நீ எதுக்குக் கை வச்ச? எதாவது ஆயிருந்தா?"

"ஒண்ணும் ஆவல்ல. பிள்ளைய காத்திருக்கு, வச்சிடுதேன்."

போனை வைத்துவிட்டு முதல் வகுப்பைத் தொடங்கினேன். பின்னங்களைக் கூட்டுவது எப்படி என்பது அன்றைய பாடம். அந்த அறையில் பல வருடம் கணக்கு வகுப்பு எடுத்தேன். அவர் லீவில் வந்திருந்த நாட்களிலும் வகுப்பு நேரம் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டேன்.