முருங்கைப் போத்து

வெள்ளானூர் ஃபிளாட்டில் முருங்கைக்கீரை உருவும்போது எழுகிற பச்சை வாசனையில், சிறுவயதில் நாங்கள் குடியிருந்த ஆவடி குவார்ட்டர்ஸ் நினைவுக்கு வந்துவிடுகிறது. கம்பளிப்பூச்சி வருகிறதென்று, பக்கத்து வீட்டு மரகதம் அக்கா ஊருக்குப் போயிருந்தபோது அவர் வளர்த்த முருங்கையை அப்பா வெட்டிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாவ அறிக்கை ஜெபத்தின்போது குலுங்கி அழுதார்.

திரும்பும் வழியில் அம்மா சொன்னாள்: "ஆண்டவர்கிட்ட அழுதீங்க, சரி. வெட்டுனது அவங்க மரத்தயில்ல? ஊர்லேருந்து வந்துட்டாங்க, அவங்ககிட்ட இன்னும் ஒரு வார்த்த சொல்லலையே."

அன்று சாயங்காலமே அப்பா போய் மன்னிப்புக் கேட்டார். அக்கா கதவைச் சாத்திக்கொண்டார். அப்பா அதே இடத்தில் ஒரு முருங்கைப் போத்தை நட்டு, நுனியில் சாணி அப்பினார். மறுநாளிலிருந்து, ஃபேக்டரிக்குக் கிளம்புமுன் குடத்தோடு அங்கே நின்றார்.

மரம் காய்த்த பிறகும் அக்கா அவரோடு பேசவில்லை. அப்பாவும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை.