ஆயக்காரனும் ஆயாக் கொட்டகையும்

போன ஞாயிறு உலு திராம் சபையில் ஒரு சின்னப் பெண் கைப்பேசியைப் பார்த்து வேதம் வாசித்தாள். புது மொழிபெயர்ப்பு. "வரி வசூலிப்பவர்கள்" என்று தட்டுத் தடங்கல் இல்லாமல் வாசித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்ததும் இருமுவதுபோல் நடித்தேன்.

நான் படித்த பழைய வேதத்தில் அவர்களுக்குப் பெயர் ஆயக்காரர். லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவளுக்கு அந்தச் சொல் என்ன அர்த்தம் தரும், சொல்லுங்கள்? எங்களுக்குத் தெரிந்தது ஆயாக் கொட்டகைதான். விடியுமுன்னே பால்மரம் வெட்டப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். தொட்டில் துணியும் பவுடரும் புளித்த பாலும் கலந்த அந்த வாசனை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். அங்கே ஆயா என் அம்மா. பிள்ளையை அம்மா கையில் கொடுப்பார்கள். அதே கையிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடிக்கச் சிலர் யோசிப்பார்கள். சாதிதான், வேறென்ன. அம்மா அதைப் பற்றிப் பேசவே மாட்டார்.

தோட்டத்தை விட்டு உலு திராமுக்குக் குடிவந்து, சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த நாள்களில்தான் நான் இயேசுவிடம் வந்தேன். அம்மா தன் முருகன் படத்தோடு இருந்தார், என்னைத் தடுக்கவில்லை. ஞானஸ்நானத்துக்கு வருவதாகக்கூட ஒப்புக்கொண்டிருந்தார். நானோ வேதத்தை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்போடு தமிழை விட்டவளுக்கு வேறு வழி? ஒரு மாலை, இயேசு ஆயக்காரரோடும் பாவிகளோடும் சாப்பிட்டார் என்ற இடம் வந்தது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"ஆயாக்காரவங்கள பாவிங்களோட சேத்தா வச்சிருக்கு உங்க புஸ்தகத்துல?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"எத்தன புள்ளைங்களுக்குக் கழுவி விட்டிருப்பேன். நான் வரல லா. நீயே போய் முங்கிக்க."

அம்மா இல்லாமல் தண்ணீரில் இறங்க எனக்கு மனமில்லை. அம்மாவைப் பாவி என்கிற புத்தகத்தை நம்பவும் மனமில்லை. அந்த வாரம் முழுக்க ஜெபமே வரவில்லை.

கம்பெனி பஸ்ஸில் என்னோடு வரும் ரஞ்சியிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்து வம்சம், பரம்பரைக் கிறிஸ்தவள். சிங்கப்பூர் எல்லைப் பாலத்தில் பஸ் நகராமல் நின்றிருந்தது. அவள் சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டு வந்தவர்களெல்லாம் எழுந்துவிட்டார்கள்.

"ஆயம் எண்டா வரியடி. அங்க பார், கஸ்தம், சுங்கக்காரர் இருக்கிற இடம். அதுபோல இருந்து வரி வாங்கின ஆக்கள். ரோமருக்காகச் சொந்தச் சனத்திட்டயே கூடப் புடுங்கினவை. அவையோட ஒருத்தரும் இருந்து சாப்பிடமாட்டினம்."

"அப்ப இவரு மட்டும்?"

"இவர் போய்ச் சாப்பிட்டவர். அதுதான் கதையே."

அன்று மாலை அம்மாவிடம் ரோம், வரி, கஸ்தம் என்று பெரிய பண்டிதர் மாதிரி விளக்கினேன். அம்மா வரியைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"யாரும் சேத்துக்காதவங்க வீட்லயா போய் சாப்பிட்டாரு?"

"ஆமாம்மா."

"தண்ணி வாங்கிக் குடிச்சாரா?"

"குடிச்சிருப்பாரு."

பாவி யார் என்பதிலேயே நான் வாரம் முழுக்க நின்றுவிட்டேன். அம்மா நேராக இயேசுவின் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அந்த வசனம் விளங்கியது அப்போதுதான். அழுகையும் வந்தது.

ஞானஸ்நானத்தன்று அம்மா பட்டுப்புடவையில், நெற்றி நிறையத் திருநீற்றோடு, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். முருகனை அவர் விடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் நான் செருப்பைக் கழற்றுமுன்னே அடுப்படியிலிருந்து கேள்வி வரும்: "இன்னிக்கு உங்க சாமி யாரு வீட்ல சாப்பிட்டாரு?" சில வாரம் அவர் எங்கேயும் சாப்பிட்டிருக்கமாட்டார், யாரையாவது கடிந்துகொண்டிருப்பார். "பாவம், பசியோட பேசியிருக்காரு" என்பார் அம்மா.

தோட்டம் இப்போது பாமாயில் எடுக்கும் செம்பனைக் காடு. கொட்டகை இருந்த இடம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். வேதம் இப்போதெல்லாம் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால், கேட்கத்தான் ஆளில்லை.